கடைக்காரர் திரும்பிப் பார்த்த படம்

படக்கதையின் மூல அட்டை ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வடை தின்ற கையோடு அட்டையைத் தூக்கிப் பார்த்த உதவி ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்தபடியாக, படத்துக்கு அடியில் பென்சிலால் எழுதியிருக்கும் வரிகளை ஒரு தாளால் மூடுங்கள். அந்த மாதிரி வரிகளை எழுதியே சம்பளம் வாங்கியவள் நான். நானே சொல்கிறேன், தயங்காமல் மூடுங்கள்.

மூடிவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யாருடைய கை எங்கே போகிறது, எந்தப் படத்துக்குப் பின்னால் எந்தப் படம் வருகிறது என்று பாருங்கள். கதை அங்கேயே நடந்தால் அந்த ஓவியரை விடாதீர்கள். அவர் பெயர் ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு சந்தில், குழந்தைகள் வாரப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்டது. கீழே அச்சகம், மேலே ஆபீஸ். யுத்தம் முடிந்திருந்தது, காகிதக் கட்டுப்பாடு மட்டும் முடியவில்லை. பத்திரிகை தாளுக்குத் தாள் இளைத்துக்கொண்டே வந்தது. அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடிதடி. கதைக்காரர்கள் கேட்டார்கள், புதிர்க்காரர் கேட்டார், விளம்பரக்காரர்கள் கேட்டார்கள். எல்லோருடைய கண்ணும் விழுந்த பக்கம் எங்களுடைய படக்கதைப் பக்கம்தான்.

அந்தப் பக்கத்துக்குப் படம் போட்டவர் காதர் பாய். கச்சேரி ரோட்டுப் பக்கம் வீடு. உத்தியோகம், கூந்தல் தைலப் பாட்டிலுக்கு லேபிள் வரைவது. இஸ்திரி போட்ட சட்டை, நகம் முழுக்க மசி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். மதராஸில் தன்னைப்போல் படம் போட ஆள் இல்லை என்பது அவருடைய அசைக்க முடியாத அபிப்பிராயம். அதை ஒளித்து வைக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. என்னை அவர் ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. படத்துக்குக் கீழே நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது.

“நான் மழை வரைஞ்சா கீழே ‘மழை பெய்தது’ன்னு எழுதுறீங்க. எதுக்கு டீச்சரம்மா? நனையறவனுக்குத் தெரியாதா?” என்பார்.

எனக்குக் கோபம் வரும். எழுத்து இல்லாவிட்டால் உங்கள் பொம்மை யாருக்குப் புரியும் என்று நானும் கேட்பேன். இப்படியே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சந்தோஷமாக வேலை பார்த்தோம்.

அவருடைய அட்டைகள் அச்சில் வரும் அளவைப்போல் பல மடங்கு பெரியவை. ஒவ்வொரு படமும் தனித்தனி அட்டை. நீலப் பென்சில் கோடுகள் மசிக்கு அடியில் லேசாகத் தெரியும். மனசுக்குப் பிடிக்காத மூக்கை வெள்ளைச் சாயத்தால் மூடிவிட்டு வேறு மூக்கு வைத்திருப்பார். விரலால் தடவினால் அந்த இடம் மேடு தட்டும். அச்சாகும்போது அதெல்லாம் போய், உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் படக்கதை என்றால் அவருக்கு ஆகாது. “படத்தைப் பார்த்தா கதை புரியலை. எழுத்தைப் படிச்சா படம் எதுக்குன்னு தோண்றது. அந்தப் பக்கத்துக்கு சோப்பு கம்பெனிக்காரன் நடையா நடந்துண்டிருக்கான்” என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார். கடைசியில் ஒரு நாள் காதர் பாயைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு புகார் வந்தால் பக்கத்தை நிறுத்திவிடுவேன் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அன்று காதர் பாய் என்னோடு மாடிப்படியில் இறங்கினார். கீழே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“லேபிள்ல ஒரே ஒரு பொம்பளை டீச்சரம்மா. முடியை விரிச்சுக்கினு நிக்கிறா. எங்கியும் போவ மாட்டா, வர மாட்டா, யாரையும் பாக்க மாட்டா. இந்தப் பக்கத்துலதான் என் ஆளுங்க எழுந்து நடக்கறாங்க. இது போச்சுன்னா நான் ஆயுசுக்கும் முடிதான் வரையணும்” என்றார்.

அவரைத் திட்டுகிற உரிமை எனக்குத்தான் உண்டு, முதலாளிக்குக் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது நடந்துகொண்டிருந்த தொடரில் ஒரு நகைக்கடையில் முத்துமாலை திருட்டுப் போகிறது. திருடுகிறவன் ஒரு குரங்காட்டி. திருட்டு நடக்கிற வாரத்தில் கடைசி வரிசையில் இரண்டு படங்கள். முதல் படத்தில் குரங்காட்டி பெட்டியைத் திறந்து உள்ளே கை விடுகிறான். கண் அகலமாக விரிந்திருக்கிறது, முத்தின் ஜொலிப்பைப் பார்த்த வியப்பு. இரண்டாவது படத்தில் கடைக்காரர் வருகிறார். காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, ஆட்களைக் கூப்பிடுவதற்காகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். மாலையை மட்டும் காதர் பாய் எந்தப் படத்திலும் காட்டவில்லை. கடைசி வாரத்தில்தான் காட்டுவேன் என்று ஒரே பிடிவாதம்.

அந்த வாரம் சோப்பு விளம்பரம் எங்கள் பக்கத்தின் அடியிலேயே ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டது. என் வரிகளைச் சுருக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். முதல் படத்துக்கு ‘மெல்லப் பெட்டி திறந்தது, கை உள்ளே நுழைந்தது’ என்று எழுதினேன். இரண்டாவதற்கு ‘ஐயோ, பெட்டி காலி’ என்று எழுதினேன். அவ்வளவுதான். ஆள் பெயருக்குக்கூட இடம் இல்லை. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் சுடச்சுட ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மாம்பலத்துக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். மகள் வேலைக்குப் போவதைப் பற்றி உறவுக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள், அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாராவாரம் என் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். அன்றைக்குப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சரியாக இல்லை.

“ஏளா, இது என்ன அநியாயமா இருக்கு? கடைக்காரனத் திருடனாக்கிப்புட்டியே. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கல்லாவுல உக்காருவேன்?”

“திருடன் குரங்காட்டிப்பா” என்றேன்.

“யாருகிட்ட சொல்லுத? கடைக்காரன்தான் எடுத்திருக்கான். அப்புறமா வந்து தொறந்து பாத்துட்டு அந்தக் குரங்காட்டி பேந்தப் பேந்த முழிக்கான், பாவம். தன் சொந்தப் பெட்டியில கை விடுதவன் எதுக்குளா திரும்பித் திரும்பிப் பாக்கான்? நாங்க கடை நடத்துதவங்க, எங்களுக்குத் தெரியாதா?”

பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி வரிசையில் இரண்டு படமும் இடம் மாறியிருந்தன. கடைக்காரர் முதலில், குரங்காட்டி பிறகு. என் வரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. ‘கை உள்ளே நுழைந்தது’ என்பதற்கு மேலே கடைக்காரர். ‘ஐயோ, பெட்டி காலி’ என்பதற்கு மேலே குரங்காட்டி. துளி உறுத்தல் இல்லாமல் பொருந்திப்போயிருந்தது.

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இரண்டு முகத்திலும் ஒரு கோடுகூட மாறவில்லை. முதலில் வந்தால் குரங்காட்டியின் விரிந்த கண் ஆசை, பின்னால் வந்தால் அதே கண் ஏமாற்றம். பின்னால் வந்தால் கடைக்காரரின் திரும்பிய கழுத்து பதற்றம், முன்னால் வந்தால் அதே கழுத்து கள்ளத்தனம். முகத்துக்கு அர்த்தம் அந்த முகத்தில் மட்டும் இல்லை, பக்கத்துப் படத்திலும் இருக்கிறது. எந்த ஓவியப் பள்ளியிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் அப்பாவின் ரோஷம் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த ரசனையெல்லாம் வரவில்லை, பயம்தான் வந்தது. புகார் என்றால் இதைவிடப் பெரிய புகார் ஏது? காதர் பாயின் பக்கத்துக்குச் சங்கு ஊதியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் நேரே அச்சகத்துக்குப் போனேன். ஃபோர்மேன் நாயுடு வெற்றிலையை மென்றுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

“நீங்க புரூஃப்ல கையெழுத்துப் போட்டுட்டு மேலே போனதுக்கப்புறம் சோப்பு பிளாக் வந்துச்சும்மா. சொன்ன அளவைவிடப் பெரிசு. இடிக்குதேன்னு அந்த ரெண்டு படத்தையும் வெளிய எடுத்துட்டு இடம் பண்ணேன். திருப்பி வெக்கசொல்ல முதலாளி வந்து எதிர்ல நின்னுக்கினாரு. ‘அது முன்னாடி, இது பின்னாடி’ன்னு கையைக் காட்டுனாரு. முதலாளி சொன்னா வெக்காம இன்னா பண்றது?”

உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படமும் உலோகத் தகட்டை மரக்கட்டையில் அடித்த தனித்தனி பிளாக். பக்கம் கட்டுகிற மேஜையில் எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகக் கிடக்கும். மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோமோ அதைப் பொறுத்து முன்னது பின்னதாகிவிடும். நாயுடு தன் பக்கத்தை விட்டு அசையவே மாட்டார். முதலாளி அதற்கு எதிர்ப் பக்கத்தில் நின்று, எது யார் படம் என்று கவனிக்காமல், சாதாரணத் தாளைப் பார்ப்பதைப்போல் நினைத்து விரலை நீட்டியிருக்கிறார். தப்பைச் செய்தது அவரேதான், அது அவருக்கே தெரியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சந்து முனையில் குரல் கேட்டது. காதர் பாய் சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“எவன் என் படத்தை மாத்தினது? இன்னா நைனா, உனக்குக் கண்ணு நல்லாத்தானே கீது?”

நாயுடு மேலே மாடியைக் காட்டினார். காதர் பாய் உடனே படியேறப் பார்த்தார். முதலாளியின் மூக்குக்கு நேரே பத்திரிகையை நீட்டி, நீதானே செய்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்றார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தன்னுடைய தப்பு என்று தெரிந்தால் ஒரு முதலாளி என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். இனிமேல் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். கூசுகிற பக்கத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? நான் குறுக்கே போய் நின்றேன்.

“முதல்ல உக்காருங்க. கீழே இருக்கிற எழுத்தை மூடிக்கிட்டு ஒரு தடவை பாருங்க. நேத்து எங்கப்பா பாத்த மாதிரி பாருங்க” என்றேன்.

“நான் வரைஞ்ச படத்தை எனக்கே காட்டுறீங்களா?”

“ஆமாம், காட்டுறேன்.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, என் வரிகளின் மேல் கையை வைத்து மூடினார். பார்த்தார். மறுபடி பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சரம்மா, இந்தக் கதை என் கதையைவிட நல்லா கீதே” என்றார். அவர் வாயிலிருந்து இன்னொன்று தன்னுடையதைவிட நல்லது என்று வந்து நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அதையும் அவரே வரைந்திருந்தார்.

அந்த நேரத்துக்கு முதலாளி என்னை மேலே கூப்பிட்டார். அவர் மேஜையில் பத்திரிகை விரிந்திருந்தது. பக்கத்தில், தொடர் ஆரம்பிக்கும்போது நாங்கள் கொடுத்திருந்த கதைச் சுருக்கம்.

“ஏம்மா, இதுலே திருடன் குரங்காட்டின்னுன்னா போட்டிருக்கு? புஸ்தகத்துலே கடைக்காரன் திருடறான். இதுக்குத்தான் படத்தை நம்பாதேன்னு தலைபாடா அடிச்சுண்டேன். அடுத்த வாரம் ஒரு வருத்தம் தெரிவிச்சுட்டு நிறுத்திப்பிடலாம். சோப்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பறேன்.”

எதிர்ப்பக்கம் நின்றவர் நீங்கள்தான் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்.

“சார், அந்தச் சுருக்கத்தை விடுங்க. நீங்க படிச்சப்போ யார் திருடன்னு தோணித்து?”

“கடைக்காரன்தான். சந்தேகம் என்ன?”

“நாங்க அப்படி எழுதவே இல்லையே சார். எழுத்துல யார் பேரும் இல்லை.”

“எழுதணுமா? அவன் திரும்பிப் பார்க்கற பார்வை ஒண்ணு போறாதா? ஆத்துலே குழந்தேள் ரெண்டும் காலம்பற அதுக்குத்தான் சண்டை. பெரியவன் கடைக்காரன்தான்னு சொல்றான், சின்னது குரங்காட்டிக்காக அழறது. இந்தக் குரங்காட்டி வந்து பெட்டியைத் திறந்துட்டு முழிக்கறானே, அந்த முழியே சொல்றதே, இவன் எடுக்கலைன்னு. அப்படின்னா மாலையைக் கடைக்காரன் எங்கே வெச்சிருக்கான்?”

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. படத்தைப் பார்த்தால் கதை புரியவில்லை என்ற மனிதர், எழுத்தில் இல்லாத கதையைப் படத்திலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் தீர்ந்தது. ‘பார்த்தீர்களா சார், புரிகிறதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விவாதத்தில் நான் ஜெயித்திருப்பேன், பக்கம் போயிருக்கும். மேலே இருப்பவர் தானாக மனசு மாறிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய்ச் சாட்சி சொல்லாதீர்கள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சரி. அடுத்த இதழ் வரட்டும். அதுவும் இந்த மாதிரி படத்தைப் பார்த்தே புரிஞ்சுதுன்னா பக்கம் இருக்கட்டும். புரியலைன்னா சோப்புதான். அப்புறம் என்கிட்டே வந்து நிக்கப்படாது.”

கீழே ஓடிவந்து சொன்னேன். காதர் பாய் மகிழ்ந்தது அரை நிமிஷம்தான். அடுத்த வாரத்துப் படங்களை அவர் ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தார். அதில் குரங்காட்டிதான் திருடன். பிளாக் செய்கிறவருக்குத் திங்கட்கிழமை காலையில் அட்டைகள் போயாக வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வரைய நேரமே இல்லை.

அட்டைகளை எடுத்துவந்து மாடி ஜன்னல் ஓரமாகத் தரையில் பரப்பினோம். குரங்காட்டி தெருவில் ஓடுகிறான். கூட்டம் துரத்துகிறது. கான்ஸ்டபிள் விசில் ஊதுகிறார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார், ஊரார் தேற்றுகிறார்கள். குரங்காட்டி கடலோரம் ஊரூர் குப்பத்து மீன்படகுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். காதர் பாய் வேட்டி மடிப்பைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சீட்டு விளையாடுகிறவரைப்போல் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்தார்.

அழுகிற கடைக்காரரை எடுத்து, முதல் படமாக வைத்தோம். அடேயப்பா, அந்த அழுகை அந்த நிமிஷமே நடிப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓடுகிற குரங்காட்டி. திருடிவிட்டு ஓடுகிறவனாக வரைந்த ஆள், அநியாயமாக மாட்டிக்கொண்டு ஓடுகிறவனாகிவிட்டான். படகுக்கு அடியில் அவன் முகம் பார்க்கவே பாவமாக இருந்தது. முந்தின நாள்வரை அதே முகத்தைத் திருட்டு முழி என்று நானே சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் சரி, ஒன்று குறைந்தது. கடைக்காரர்தான் எடுத்தார் என்று அடித்துச் சொல்கிற படம் ஒன்று வேண்டும். அதைத்தான் முதலாளி தேடுவார். ஒரே ஒரு படம் புதிதாக வரைய நேரம் இருந்தது.

“கடைக்காரர் மாலையை ஒளிச்சு வைக்கிற மாதிரி போடுங்க” என்றேன்.

“காட்டக் கூடாது. காட்டிட்டா அப்புறம் எவன் பாப்பான்?”

“அப்போ நான் எழுதிடறேன்.”

“எழுதவும் கூடாது.”

நான் எரிச்சலோடு போன வாரத்து அட்டையை அலமாரியிலிருந்து உருவினேன். கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அந்தப் படம். எழுத்தை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அவருடைய கழுத்து, தோள், கை என்று பார்த்துக்கொண்டே போன கண், ஓரத்தில் ஜன்னல் கம்பியில் நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குரங்கு உட்கார்ந்திருந்தது. அச்சில் அது வெறும் மசித் திட்டு. அட்டையில் அதற்குப் புருவம்கூட இருந்தது. கண் இரண்டும் கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இந்தக் குரங்கை எதுக்கு இங்க போட்டீங்க? குரங்காட்டி அப்பவே போயிட்டானே?”

காதர் பாய்க்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. “கதைக்கு வேணாம்தான். குரங்குன்னா எனக்கு உசிரு. ஞாயித்துக்கிழமை கிண்டிப் பக்கம் போய் அதுங்களைப் பாத்துக்கினே உக்காந்திருப்பேன். நாம இன்னா பண்ணாலும் அதுவும் பண்ணும், பாத்திருக்கீங்களா?” என்றவர், நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் மசிக் குப்பியைத் திறந்தார், நான் வெற்று அட்டையைத் தள்ளினேன். கூட்டத்துக்கு நடுவில், அழுகிற கடைக்காரரின் காலடியில், அந்தக் குரங்கு ஒரு மண்சட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. போன வாரம் கடைக்காரர் நின்ற அதே நிலை, அதே தோள், அதே கள்ளப் பார்வை. கூட்டத்தில் எல்லோரும் கடைக்காரரைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர்கூடக் குரங்கைப் பார்க்கவில்லை. பார்க்கிறவன் படிக்கிறவன் மட்டும்தான்.

அந்தத் தோளுக்காக வெள்ளைச் சாயம் பூசிப் பூசி அட்டையே கனத்துப்போயிற்று. “குரங்கோட தோளா இருக்கணும், கடைக்காரன் தோளாவும் இருக்கணும்” என்று புலம்பிக்கொண்டே வரைந்தார். முடிந்ததும் அட்டையை எட்ட நிறுத்திப் பார்த்தார்.

“மதராஸ்ல இதைப் போட எவன் கீறான் டீச்சரம்மா?” என்றார். அன்றைக்கு அதை நான் மறுக்கவில்லை.

பிறகு என் பங்கு வந்தது. ‘குரங்கு உண்மையைக் காட்டிவிட்டது’ என்று எழுதினேன். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை, அடித்தேன். ‘கடைக்காரர் செய்ததைக் குரங்கும் செய்தது’ என்று எழுதி, அதையும் அடித்தேன். எந்த வரியை எழுதினாலும் படத்தின் வாயைப் பொத்துவதாக இருந்தது. கடைசியில், ‘குரங்குக்கு எப்போதும் விளையாட்டுத்தான்’ என்று எழுதினேன். ஒன்றும் தெரியாத அப்பாவியைப்போல் எழுத்து இருக்கட்டும், திருடனைக் கண்டுபிடித்த பெருமை படிக்கிற பிள்ளைக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதை எழுத எனக்கு மற்ற எல்லா வரிகளையும் சேர்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

இங்கே நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தப்பு அச்சாகிவிட்டால் எல்லோரும் முதலில் செய்வது, யார் செய்தது என்று கேட்பதும், மன்னிப்புக்கு வார்த்தை தேடுவதும்தான். செய்தித் தப்பு என்றால் கட்டாயம் மன்னிப்புக் கேளுங்கள். கதைத் தப்பு என்றால் கொஞ்சம் பொறுத்து, அது இப்போது என்ன சொல்கிறது என்று பாருங்கள். சில சமயம் உங்களைவிட அது புத்திசாலியாக இருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் பக்கம் மிஷினில் ஏறியது. நாயுடுவிடம், யார் எதிரில் வந்து நின்று கை காட்டினாலும் படத்தை மாற்றாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன். காதர் பாய் எதற்கோ வந்தவர்போல் வந்து, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து விரல் நகத்தில் மசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி எப்போதும் புத்தகம் தைத்து மேலே வந்த பிறகுதான் பார்ப்பார். அன்று அவரே இறங்கி வந்தார். வந்ததும் காதர் பாயின் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“காதர்பாய், எனக்கு மட்டும் சொல்லும். மாலை எங்கே இருக்கு?”

காதர் பாய் எழுந்து நின்றார். பக்கம் இருக்குமா போகுமா என்று எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், பழைய குரலில் பதில் சொன்னார். “புக்கு வரட்டும் சார். வாங்கிப் பாருங்க.”

நாயுடு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். முதலாளி ஒரு கணம் முறைத்துவிட்டு, மிஷினிலிருந்து விழுந்த ஈரத்தாள் ஒன்றை உருவிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். நான் பக்கவாட்டில் நின்று அவர் கண்ணையே பார்த்தேன். அழுகிற கடைக்காரர், கூட்டம், ஓடுகிறவன், படகு என்று ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குக் கண் தாவித் தாவிப் போயிற்று. குரங்குக்கு வந்ததும் நின்றது. புருவம் ஏறியது. பிறகு மனிதர் தாளை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேட்டி அவிழ்கிற மாதிரி சிரித்தார். கையெல்லாம் மசி, கன்னத்திலும் மசி.

“படவா, இது பார்த்துடுத்தே. இது பார்த்துடுத்து ஓய்” என்று காதர் பாயின் தோளில் அடித்தார். “சோப்புக்காரனை வேற பக்கம் பார்த்துக்கச் சொல்லுங்கோ” என்றபடி, அந்த ஈரத்தாளை மடிக்காமல் ஏந்திக்கொண்டு மாடிக்குப் போனார். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் இருக்கும்.

காதர் பாய் மறுபடி காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், கண் நிறைந்திருந்தது. என் கண்ணும்தான். அந்த வாசலில் முதலாளி நின்று படித்த நேரம் முழுக்க நான் அவர் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்கவே இல்லை. நான் எழுதிய வரிகளில் ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் அதைவிடச் சந்தோஷமாக என்னை யாரும் அலட்சியம் செய்ததில்லை.